தில்லியில் பெய்யாத மழை

மாண்ட்ரியாலிலோ ஒட்டாவாவிலோ படிக்கும் பிள்ளை ஜனவரி மாதம் ஆர்.கே.புரத்து வீட்டுக்கு ஃபோன் பண்ணுகிறது. "அங்க பனி எப்படி இருக்கு கண்ணு?" என்கிறார் அம்மா. "இன்னிக்குப் பனி இல்லம்மா, மழைதான் பெய்யுது." "அப்பாடா, மழைதானே! கடைக்குப் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடு."

இந்த அறிவுரை தில்லிக்குச் சரி. இங்கே ஜனவரியில் மழை வந்தால் அன்றைய இரவுக் குளிர் குறைந்துவிடும். ஆனால் கனடாவில், மாண்ட்ரியால் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் மைனஸ் 3 டிகிரியில் மழை பெய்கிறது என்றால், அன்று வாசற்படி தாண்டக் கூடாது. பத்து அங்குலம் பனி கொட்டினாலும் அந்த ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த மழைக்கு மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இதை உறைமழை என்போம். ஊட்டியில் விடியற்காலையில் புல் மேல் வெள்ளையாகப் படியும் உறைபனி வேறு. ஆலங்கட்டியும் இது அல்ல. உறைமழை தண்ணீராகத்தான் விழும். விழுந்த இடத்தில் கண்ணாடியாகிவிடும்.

குளிர்கால மழையில் பெரும்பகுதி மேகத்துக்குள் பனியாகத்தான் பிறக்கிறது. தில்லியில் தை மாதம் பெய்யும் மழையும் நான்கைந்து கிலோமீட்டர் உயரத்தில் பனிப்பிசிறுதான். இறங்க இறங்கக் காற்றின் வெப்பம் கூடுவதால் வழியிலேயே உருகி, துளியாகத் தரை சேர்கிறது. உறைமழைக்கு இந்த வரிசை கலைய வேண்டும். உச்சியில் குளிர், நடுவில் பூஜ்யத்துக்கு மேலே ஒரு வெதுவெதுப்பான அடுக்கு, தரையை ஒட்டி மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு மெல்லிய குளிர் அடுக்கு என்று மூன்று தட்டுகள் அமைய வேண்டும். பனி நடுத்தட்டில் உருகுகிறது. கீழ்த்தட்டில் நுழையும்போது அது தண்ணீர். உறைவதற்கு நேரம் கிடைக்காமல் மைனஸில் இருக்கும் தண்ணீராகவே தரையைத் தொடுகிறது.

எல்லாம் இந்தத் தட்டுகளின் கனத்தைப் பொறுத்தது. நடுத்தட்டின் உச்ச வெப்பம் 1 டிகிரிக்குள் இருந்தால் பனி சரியாக உருகாது, கீழே பனியாகவே விழும். 1 முதல் 3 டிகிரி வரை என்றால் பாதி உருகும். உள்ளே மிச்சமிருக்கும் பனிக்கரு கீழ்த்தட்டில் துளியை மறுபடி உறைய வைத்துவிடும். அப்போது விழுவது பனிக்குருணை. ரவை கொட்டுவதுபோல் சடசடவென்று விழுந்து குதிக்கும், ஒட்டாது. 3 டிகிரியைத் தாண்டினால்தான் முழுதாக உருகி உறைமழை ஆகும். கீழ்த்தட்டு ஏறத்தாழ 750 மீட்டருக்கு மேல் தடித்து நல்ல குளிராகவும் இருந்தால் முழுதாக உருகிய துளிகூட வழியில் உறைந்து குருணையாகிவிடலாம். ஒரே நகரத்தில் ஒரு பேட்டையில் பனி, அடுத்ததில் குருணை, அதற்கடுத்ததில் உறைமழை என்று விழுவது இதனால்தான். தரைக் குளிரை மட்டும் பார்த்து எது விழும் என்று சொல்லவே முடியாது.

நடுத்தட்டே இல்லாமல் வருகிற உறைதூறல் ஒன்றும் உண்டு. மேக உச்சி மைனஸ் 10 டிகிரியைவிடக் குளிராமல் இருந்தால் அதற்குள் பனிப்படிகம் அதிகம் உருவாகாது. சின்னச் சின்ன நீர்த்துளிகளே ஒன்றோடொன்று சேர்ந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூறலாக இறங்கும். அளவு சொற்பம் என்றாலும் சாலையை வழுக்கலாக்க அது போதும்.

மைனஸில் தண்ணீர் எப்படித் தண்ணீராக இருக்கும் என்று கேட்பவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே பார்த்துவிடலாம். அரை லிட்டர் பாட்டில் தண்ணீர் மூன்று, சீல் உடைக்காதது. வழவழப்பான புது பாட்டிலாக இருக்கட்டும், கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடித்துவிடும். கூடவே அதே மாதிரி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஒன்று. நான்கையும் ஃப்ரீசரில் படுக்க வையுங்கள். மைனஸ் 18-இல் இயங்கும் ஃப்ரீசர் என்றால் இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில் முதலில் ஊசி ஊசியாகப் பனி தெரியும். அந்த நேரத்தில் மற்ற மூன்றும் தெளிந்த தண்ணீராகவே இருந்தால் அவை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டன என்று பொருள். ஒன்றை அலுங்காமல் எடுத்து மேடையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மேலிருந்து கீழாக வெள்ளைத் திரை இறங்குவதுபோல் பாட்டில் முழுக்க உறையும். இன்னொன்றின் மூடியைத் திறந்து, எவர்சில்வர் தட்டில் வைத்த ஐஸ் கட்டி மேல் மெல்லிய தாரையாக ஊற்றினால் அது விழும் இடத்திலேயே குச்சியாக வளரும்.

சோதனை சரியாக வராவிட்டால் காரணம் மூன்றில் ஒன்று. பாட்டில் பழையதாகி உள்ளே கீறல் இருக்கும், கதவை அடிக்கடி திறந்து மூடி அதிர்வு கொடுத்திருப்பீர்கள், அல்லது அதிக நேரம் விட்டிருப்பீர்கள். தண்ணீர் உறைய ஒரு பிடிமானம் வேண்டும். ஒரு தூசி, ஒரு கீறல், ஏற்கெனவே இருக்கும் ஒரு பனிப்படிகம் போதும். இவை எதுவும் இல்லாத மிகச் சுத்தமான நுண்துளி மைனஸ் 38 டிகிரிக்குப் பக்கம் வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். உறைமழைத் துளிக்கு மரக்கிளை, மின்கம்பி, கார்க் கண்ணாடி, கைப்பிடிச் சுவர் எல்லாமே அந்தப் பிடிமானம்தான்.

தட்டிய பாட்டிலை உற்றுப் பாருங்கள். அது கட்டியாகாமல் கூழாகத்தான் இருக்கும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வெளியே வரும். மைனஸ் 6 டிகிரித் தண்ணீர் பூஜ்யத்துக்கு ஏற 6 கலோரி போதும். ஆகவே நூற்றில் ஏழெட்டு பங்கு உறைந்ததுமே மொத்தமும் பூஜ்யத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. மிச்சத் தண்ணீர் உறைய வேண்டுமென்றால் அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றோ கம்பியோ வாங்கிக்கொள்ள வேண்டும். மழைத்துளிக்கும் இதே கணக்குதான். கிளையில் பட்டதும் சிறு பங்கு உறைகிறது, மீதி தண்ணீராகவே வழிந்து பரவி, பிறகு உறைகிறது. பரவி உறைவதால் இடையில் காற்று சிக்குவதில்லை. பளிங்குபோல் தெளிவாக, கனமாக, விடாப்பிடியாக ஒட்டிக்கொள்கிறது. வழிந்த மிச்சம் கம்பிக்குக் கீழே ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது.

அதன் எடையைக் கணக்கிட்டால் சேதத்தின் காரணம் விளங்கும். 20 மி.மீ. விட்டமுள்ள மின்கம்பியைச் சுற்றி 10 மி.மீ. கனத்துக்குப் பனி படிந்தால் ஒரு மீட்டருக்குச் சுமார் 850 கிராம் கூடும். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 300 மீட்டர் என்றால் ஒரே கம்பியில் 250 கிலோ. கம்பிகள் பல. அதோடு காற்று வேறு ஊஞ்சலாட்டும். அமெரிக்காவின் பல பகுதிகளில் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. படியும் என்று தெரிந்தாலே ஐஸ் ஸ்டார்ம் வார்னிங் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி, இது ஏன் சில இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு வருவோம். உறைமழைக்குத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் குணம் உண்டு. கீழே உறையும் ஒவ்வொரு துளியும் வெப்பத்தை விட்டுத் தரைக்காற்றைச் சூடாக்குகிறது. மேலே உருகும் ஒவ்வொரு பனிப்பிசிறும் நடுத்தட்டின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியிலிருந்து தீனி வராவிட்டால் சில மணி நேரத்தில் கீழ்த்தட்டு பூஜ்யத்தைத் தாண்டிச் சாதாரண மழையாகிவிடும், அல்லது நடுத்தட்டு குளிர்ந்து பனியாகிவிடும். ஆகவே உறைமழை நீடிக்க வேண்டுமானால் கீழே வறண்ட குளிர்காற்றும் மேலே ஈரமான வெதுவெதுப்புக் காற்றும் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும், வாய்க்கால் வழியே ஓடும், மலைச்சுவரில் முட்டினால் குவியும். எந்த நிலத்தில் இப்படியொரு வாய்க்காலும் அதன் மேலே கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சேர்கின்றனவோ அதுதான் உறைமழையின் சொந்த ஊர்.

செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு அப்படியொரு வாய்க்கால். வடகிழக்கிலிருந்து குளிர்காற்று அதன் வழியே மாண்ட்ரியாலை நோக்கி ஊர்ந்து வரும். அதே நேரம் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கிளம்பிய ஈரக்காற்று அதன் தலைக்கு மேலே ஏறிப் போகும். 1998 ஜனவரி 5 முதல் 10 வரை இரண்டு ஓட்டமும் நிற்கவே இல்லை. மாண்ட்ரியால் வட்டாரத்தில் விட்டு விட்டுச் சுமார் 100 மி.மீ. அளவுக்கு உறைமழை கொட்டியது. ஏறத்தாழ ஆயிரம் இரும்புக் கோபுரங்களும் முப்பதாயிரம் மரக் கம்பங்களும் சாய்ந்தன. கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்திலுமாகச் சுமார் நாற்பது லட்சம் பேர் மின்சாரம் இழந்தார்கள், சிலருக்கு அது திரும்பி வர வாரக்கணக்கானது. மழையின் அளவைப் பாருங்கள். சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி நாளில் பெய்துவிடும் 100 மி.மீ.தான்.

கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் பக்கம் ஆண்டுக்குச் சராசரியாக 150 மணி நேரம் உறைமழையோ உறைதூறலோ விழுகிறது. குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெப்பமான கல்ஃப் ஸ்ட்ரீமும் அருகருகே ஓடும் கடல் அது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைகளின் கிழக்கு அடிவாரம், வர்ஜீனியாவும் கரோலினாக்களும், குளிர்காற்று மலையில் முட்டி ஆப்புபோல் சிக்கிக்கொள்ளும் இடம். மேற்கே கொலம்பியா நதியின் மலையிடுக்கு வழியாக உள்நாட்டுக் குளிர் போர்ட்லாந்தின் கிழக்குப் பேட்டைகள்மேல் பாயும், மேலே பசிபிக் ஈரம். ஐரோப்பாவில் ஸ்லோவேனியா, ஏட்ரியாட்டிக் கடலின் ஈரமும் கண்டத்துக் குளிரும் சந்திக்கும் வாசல். 2014 ஜனவரிக் கடைசியில் போஸ்தோய்னா சுற்றுவட்டாரத்தில் காடு காடாக மரங்கள் முறிந்தன.

தில்லிக்காரர்கள் மறக்காமல் பார்க்க வேண்டிய இடம் சீனா. 2008 ஜனவரியில் தொடங்கி பிப்ரவரி வரை குய்ஜோ, ஹூனான் மாகாணங்களில் உறைமழை பெய்தது, அதுவும் சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் கூட்டம் சாலையில் இருந்தபோது. ஹூனானின் சென்ஜோ நகரம் ஏறத்தாழ இரண்டு வாரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. சென்ஜோ எங்கே இருக்கிறது? வட அட்சம் 26-க்குச் சற்றுக் கீழே. தில்லியோ 28.6. அதாவது நம்மைவிடத் தெற்கே! குளிருக்கு அட்சரேகை மட்டும் காரணம் என்றால் அங்கே பெய்தது இங்கே பெய்திருக்க வேண்டும்.

பெய்யாததற்கு இமயமலை காரணம். சைபீரியாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றுக்கு கிழக்குச் சீனாவில் பெரிய தடை எதுவும் இல்லை. அது தெற்கே ஹூனான் வரை வழிந்து நான்லிங் மலையடியில் தேங்குகிறது. தென்சீனக் கடல், வங்காள விரிகுடா ஈரம் அதன் மேலே ஏறுகிறது. கங்கைச் சமவெளிக்கோ வடக்கே முழுநீளச் சுவர். தில்லிக்கு வரும் குளிர் பெரும்பகுதி இங்கேயே தயாராவது. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. மேற்கத்திய இடையூறு, அதாவது மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை அமைப்பு, வந்து மேகம் மூடினால் அந்த இழப்பு நின்றுவிடும், இரவு வெப்பம் ஏறும், மழை பெய்யும். அது நகர்ந்து வானம் தெளிந்த பிறகுதான் நடுங்க வைக்கும் குளிர். மழை இருக்கும் இரவில் உறைகுளிர் இல்லை, உறைகுளிர் இருக்கும் இரவில் மழை இல்லை. தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரிதான்.

ஒரு பாதி தில்லியிலும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். தரையில் குளிர், மேலே வெதுவெதுப்பு என்ற தலைகீழ் அடுக்கு டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே நன்றாக அமைகிறது. புகையும் மூடுபனியும் மேலே கலைந்து போகாமல் முனிர்காவிலும் மயூர் விஹாரிலும் நம் மூக்கிலேயே நிற்பது அதனால்தான். கீழ்த்தட்டு பூஜ்யத்துக்கு ஐந்தாறு டிகிரி மேலே இருப்பதால் தப்பிக்கிறோம்.

பொங்கல் விடுமுறைக்கோ ஜனவரி 26-ஐ ஒட்டிய நீண்ட வார இறுதிக்கோ தில்லியிலிருந்து காரில் மலையேறும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சிம்லா, குஃப்ரி, நார்கண்டா, மணாலி, முசூரி, ஆலி. அங்கேயும் உறைமழை அபூர்வம்தான். மலையில் ஏற ஏற ஒழுங்காகக் குளிர் கூடிக்கொண்டே போவதால், ஒரு உயரத்துக்குக் கீழே மழை, மேலே பனி என்று கோடு கிழித்தாற்போல் பிரிந்துவிடும். ஆனால் உறைமழை செய்யும் அதே கண்ணாடிப் பூச்சை அங்கே வேறொன்று செய்கிறது. பகல் வெயிலில் ஓரத்துப் பனி உருகிச் சாலையில் வழியும், மாலை நான்கு மணிக்கு மேல் அது உறையும். தாருக்கு மேலே தெளிந்த படலம், கண்ணுக்குத் தார்தான் தெரியும். பிளாக் ஐஸ் என்பது இதுதான். முசூரி, சக்ராதா பக்கத்து டிரைவர்கள் இதைப் 'பாலா' என்பார்கள். எதிரே வரும் வண்டி நின்று "ஆகே பாலா ஹை, பாய்சாப்" என்று சொன்னால், முன்னால் சாலை உறைந்து கிடக்கிறது என்று பொருள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வேகத்தைக் குறைக்காமல் போகிறவர்களில் பெரும்பாலோர் சமவெளி நம்பர் பிளேட்காரர்கள்.

அது ஏன் ஆபத்து என்பதை எண்களில் பார்த்தால் தெளியும். 30 கி.மீ. வேகத்தில் போகும் கார் உலர்ந்த தாரில் பிரேக் பிடித்த ஐந்து மீட்டரில் நிற்கும். அதே சமதளம் பனிக்கண்ணாடியாக இருந்தால், உராய்வு ஏழில் ஒரு பங்காகிவிடுவதால், 35 மீட்டர். இப்போது சாலை நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். நிற்க 118 மீட்டர் ஆகும். நூற்றுக்குப் பத்து இறக்கம் என்றால் கணக்கே முடிந்துபோகிறது. பிரேக் பிடித்த கார் நிற்கவே நிற்காது, நிறுத்திய காரும் தானாக வழுக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிய பனி மைனஸ் 20 டிகிரிப் பனியைவிட மோசம், மேலே ஒரு நீர்ப்படலம் இருப்பதால். பாசி பிடித்த கோயில் குளத்துப் படியில் தண்ணீர் ஓடுவதுபோல்தான்.

கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. சாலை ஈரமாக மின்னுகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் சிதறவில்லை என்றால் அது ஈரமல்ல, பனி. டயரின் இரைச்சல் திடீரென்று அடங்கும். ஸ்டியரிங் கைக்கு லேசாகிவிடும். வெயில் படாத வடக்குப் பார்த்த வளைவு, தேவதாரு நிழல், ஓடைப் பாலம் ஆகிய மூன்றும் முதலில் உறையும், கடைசியில் உருகும். பாலத்துக்கு அடியிலும் காற்று போவதால் மண்ணின் சூடு அதற்குக் கிடைப்பதில்லை. 2021 பிப்ரவரி 11 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 130-க்கும் மேற்பட்ட வண்டிகள் மோதி ஆறு பேர் இறந்த விபத்தும் லேசான உறைமழைக்குப் பிறகு, உயர்த்திக் கட்டிய சாலையில்தான் நடந்தது.

மலைச்சாலையில் காலை பதினொன்றுக்கு மேல், மதியம் மூன்றுக்குள் ஓட்டி முடிக்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்வதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை. சிம்லாவில் மதியச் சாப்பாட்டை ஆற அமர முடித்துவிட்டு நார்கண்டாவுக்குப் புறப்படுவதுதான் வழக்கமான தவறு. குஃப்ரி, ஃபாகு தாண்டும்போது நிழல் விழுந்துவிடும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர், கால் பிரேக்கில் அல்ல, எஞ்சின் இழுப்பில் இறங்க வேண்டும். வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டு, போக வேண்டிய திசைக்கு ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஏ.பி.எஸ். இருந்தால் பெடல் உதறும், பயந்து காலை எடுக்காதீர்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இல்லாத உராய்வை உண்டாக்கித் தராது.

பனியில் பிடிமானத்துக்காக டயரில் மாட்டும் சங்கிலி வாங்குவதானால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவை, 185/65 ஆர்15 என்பதுபோல், எழுதிக்கொண்டு போய் அதற்குரியதை வாங்குங்கள். எந்தச் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறதோ அதில்தான் போட வேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு முன்சக்கரம், பொலேரோ போன்றவற்றுக்குப் பின்சக்கரம். தில்லி வீட்டு வாசலிலேயே ஒருமுறை போட்டுக் கழற்றிப் பழகுங்கள், விரல் விறைத்த நிலையில் அங்கே கற்றுக்கொள்ள முடியாது. விரித்து டயர் மேல் போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கம் இறுக்க வேண்டும். ஐம்பது நூறு மீட்டர் ஓட்டியதும் சங்கிலி தளரும். இறங்கி மறுபடி இறுக்காமல் விட்டால் அறுந்து பிரேக் குழாயை அடிக்கும். 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரைப் புறப்படும் முன்பே பாருங்கள். தில்லி வெயிலில் தண்ணீர் குறைந்தபோதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றி வந்திருந்தால் அது மலையில் ஒரே இரவில் உறைந்து பாகங்களைப் பிளக்கும். கூலன்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தொட்டியில் இருக்கும் சாதாரணத் தண்ணீரும் உறையும். குளிர் தாங்கும் கலவைக்கு மாற்றுங்கள். டயர் காற்று ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் குறையும், அங்கே போய் மறுபடி பார்த்து நிரப்புங்கள். இரவு நிறுத்தும்போது ஈரமான ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள் மலைக்காரர்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுங்கள். காலையில் கண்ணாடிப் பனியில் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும். இரண்டு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

நடப்பவர்களுக்கு ஒரு பழக்கம் போதும். மழையில் நனைந்த வரப்பில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுகிய அடி, பாதம் முழுதும் ஒரே சமயம் படும்படி, உடல் எடை முன்காலின் மேல், கை பாக்கெட்டில் இல்லாமல் வெளியே. குதிகாலை முதலில் ஊன்றுவதுதான் விழ வைக்கிறது. ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக் மலையேற்றப் பொருள் கடைகளில் கிடைக்கும், வயதானவர்களுக்குக் கட்டாயம் வாங்குங்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆகும் செலவோடும் வேதனையோடும் ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

குளிருக்கு அடைத்த அறையில் அங்கீட்டி என்ற கரிக் கணப்பை வைத்துக்கொண்டு தூங்குவது தில்லியிலும் மலை விடுதிகளிலும் ஒவ்வொரு குளிர்காலமும் உயிர் வாங்குகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல் வருவதற்குள் எழுந்திருக்கும் தெம்பு போய்விடும். உறைமழையால் மின்சாரம் போன வீடுகளிலும் இதே மரணம்தான். 1998-இல் ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. ஜெனரேட்டர் வெளியேதான், அதுவும் ஜன்னலுக்குத் தள்ளி.

குளிர் நாடுகளில் பிள்ளைகள் இருப்பவர்கள் வானிலைச் செயலிகளில் உயர அடுக்கு வெப்பத்தைப் பார்க்கப் பழகுவது நல்லது. விண்டி போன்றவற்றில் 850 ஹெக்டோபாஸ்கல் என்ற காற்றழுத்தத் தேர்வு சுமார் 1,500 மீட்டர் உயரத்தையும், 925 சுமார் 750 மீட்டரையும், 700 சுமார் 3,000 மீட்டரையும் காட்டும். மழை வரும் நேரத்தில் தரை மைனஸ் 3, 925-இல் மைனஸ் 4, 850-இல் பிளஸ் 4, 700-இல் மைனஸ் 3 என்று வந்தால் அது உறைமழைக்கே உரிய வரிசை. தில்லியில் மழை நாளில் தரை 11, 850-இல் 6 அல்லது 7, 700-இல் பூஜ்யத்தை ஒட்டி என்று படிப்படியாக இறங்கியே இருக்கும். சப்தர்ஜங்கிலிருந்து தினமும் அதிகாலையிலும் மாலையிலும், சர்வதேச நேரப்படி இரண்டு வேளை, பறக்கவிடும் பலூன்கள் அளப்பதும் இதைத்தான்.

அந்த வரிசை தெரிந்தால் முந்தின இரவே செய்ய வேண்டியவை: ஃபோன், பவர் பேங்க் சார்ஜ், மூன்று நாளுக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, குடிநீர், மருந்து. படியிலும் நடைபாதையிலும் உப்பை மழைக்கு முன்பே தூவ வேண்டும். படிந்த பிறகு தூவினால் பத்து மடங்கு உப்பு போனாலும் மேற்பரப்பில் ஓட்டைதான் விழும். ஒரு காபி மக் அளவு, சுமார் 350 கிராம், இரண்டு கார் நிற்கும் முற்றத்துக்குப் போதும். சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். அந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைடு, அல்லது பிடிமானத்துக்கு வெறும் மணல்.

விமானம் தாமதமானால் கோபப்படாதீர்கள். பனி பிடிக்காமலிருக்க இறக்கையில் தெளிக்கும் கிளைக்கால் திரவம் பனியிலும் லேசான உறைமழையிலும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் காப்பு தரும். நடுத்தர, கன உறைமழைக்கு அந்தக் காப்பு நேர அட்டவணையே கிடையாது. 1994 அக்டோபர் 31 அன்று இந்தியானாவின் ரோஸ்லானில் ஓர் ஏ.டி.ஆர். 72 விமானம் விழுந்து 68 பேர் இறந்தார்கள். மைனஸில் இருந்த பெரிய துளிகள் இறக்கையின் பனிநீக்கும் பட்டைக்குப் பின்னால் வழிந்து உறைந்ததே காரணம். முன்பு சொன்ன பாட்டில் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், பெரிய துளி பட்ட இடத்தில் நிற்காது, வழிந்த பிறகே உறையும்.

மழை நின்ற மறுநாள் வெயில் அடிக்கும். மரமெல்லாம் கண்ணாடித் தோரணமாக மின்னும், படம் எடுக்கத் தோன்றும். அன்றுதான் கிளைக்கு அடியில் போகக் கூடாது. உருகத் தொடங்கிய பனி ஈட்டி ஈட்டியாக விழும், பாரம் தாங்கி நின்ற கிளை அப்போதுதான் முறியும். கம்பி தரையில் கிடந்தால் மின்சாரம் இல்லை என்று வீட்டில் தெரிந்தாலும் பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் அதில் மின்சாரம் ஏற்றியிருக்கலாம்.